நகராத விஎஃப்ஓ

7 மெகாஹெர்ட்ஸ் ரிசீவருக்கு நானே செய்த விஎஃப்ஓ, ஃபேன் போட்டாலே அலைவெண் நகர்ந்துவிடுகிறது. மைக்ரோகன்ட்ரோலர் வைத்தால் நிற்குமா? எனக்கு புரோகிராமிங் அதிகம் தெரியாது.
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

நிற்கும். காயிலையும் கேங் கண்டென்சரையும் கழற்றி வையுங்கள். ஃபேனும் நிம்மதியாகச் சுற்றட்டும்.

ஓர் ஆர்டுயினோ நானோ, எஸ்ஐ5351 மாட்யூல், ரோட்டரி என்கோடர், சின்ன ஓலெட் திரை போதும். மாட்யூலின் எஸ்டிஏ நானோவின் ஏ4-க்கு, எஸ்சிஎல் ஏ5-க்கு. திரைக்கும் அதே இரண்டு கம்பிகள்தான். சிப்புக்கான லைப்ரரி தயாராகக் கிடைக்கிறது; நீங்கள் மாற்றப்போவது நாலைந்து வரிகள். என்கோடரைத் திருப்பினால் எண் தாவுகிறதா? அதன் இரு கால்களிலிருந்தும் கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த வேலையில். மாட்யூலிலுள்ள 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் அச்சொட்டாக 25-ல் ஓடாது. வெளியீட்டை 10 மெகாஹெர்ட்ஸில் வைத்து, ஷார்ட்வேவ் ரேடியோவில் அதே அலைவெண்ணில் வரும் சீனாவின் பிபிஎம் நேர நிலையத்தோடு சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் மோதி ஒரு விசில் எழும். அது தாழ்ந்து அடங்கும்வரை புரோகிராமில் திருத்த எண்ணை மாற்றுங்கள். பொறுமையிருந்தால் அரை மணி நேர வேலை.

வெளிவருவது சதுர அலை. டயோடு மிக்சருக்கு அதுவே நல்லது, ஃபில்டர் வேண்டாம். டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுப்பதானால் மட்டும் லோ-பாஸ் ஃபில்டர் கட்டாயம். நானோவின் இரைச்சல் ஆன்டெனாவுக்குள் புகாமலிருக்க எல்லாவற்றையும் தகரப் பெட்டிக்குள் வையுங்கள். பழைய பிஸ்கட் டின் தாராளம்.