பனிமலை தரும் பாடம்

நுழையும்முன்

நிலநடுக்கமும் புயலும் மனிதரைத் தேடி வருபவை. பனிச்சரிவு சற்றே வேறானது. மலைப்பயணத்தில் அதில் சிக்குவோருள் பெரும்பாலோர், தம்மாலோ தம் குழுவினராலோ தூண்டப்பட்ட சரிவிலேயே சிக்குகின்றனர். எனவே, அதனைத் தவிர்ப்பதும் பெருமளவு அவர்கள் கையிலேயே உள்ளது.

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஊர் டாவோஸ். பனிக்காலத்தில், சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு பாதையற்ற சரிவுகளில் ஏறி இறங்குவோர் அங்குப் பலர். அவ்வூரில் இயங்கும் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம், 1945ஆம் ஆண்டு முதல் பனிச்சரிவு அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. மலைக்குச் செல்வோர் புறப்படுமுன் படிக்க வேண்டியது அவ்வறிக்கையே.

பாளமும் நலிந்த அடுக்கும்

ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. வானம் தெளிந்த குளிர் இரவுகளில், பனியின் மேற்பரப்பில் இறகு போன்ற படிகங்கள் வளர்கின்றன. அடுத்த பனி அவற்றை மூடும்போது, அவை தம்முள் நன்கு பிணையாத நலிந்த அடுக்காக மாறுகின்றன. அதன்மேல், காற்றால் இறுகிய பனி பாளமாக அமர்ந்திருக்கும். ஒருவரின் எடை பட்டதும் நலிந்த அடுக்கு உடைகிறது; அவ்வுடைவு நொடிப்பொழுதில் பரவுகிறது; பாளம் முழுவதும் வழுக்கி இறங்குகிறது. இத்தகைய சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் நிகழ்கின்றன. சறுக்குவோர் விரும்பித் தேடும் சாய்வும் ஏறத்தாழ அதுவே.

மலையின் எச்சரிக்கை

அருகில் அண்மையில் நிகழ்ந்த சரிவின் தடம், காலடியிலிருந்து ஓடும் விரிசல், பனி திடீரென அமிழும்போது எழும் தாழ்ந்த ஓசை ஆகியன மலை தரும் எச்சரிக்கைகள். புதிதாய்ப் பெய்த பனியும் காற்றுக் குவித்த பனியும் திடீர் வெப்பமும் இடரை மிகுவிக்கும். இவற்றைக் கண்டவர்கள் செங்குத்தான சரிவுகளையும் அவற்றின் அடிவாரத்தையும் விலக்கிச் செல்ல வேண்டும்.

ஐரோப்பிய அறிக்கைகள் இடரை ஐந்து நிலைகளாகப் பகுக்கின்றன. சுவிட்சர்லாந்தில் உயிரிழப்புகள் மிகுதியாக நிகழ்வது மூன்றாம் நிலையில்தான். நான்காம் நிலைக்கு அஞ்சி வீட்டிலிருப்போர், மூன்றாம் நிலையை நடுத்தரமானது எனக் கருதிப் புறப்பட்டுவிடுகின்றனர். முன்னே சென்றவரின் தடமும், பலமுறை பழகிய சரிவும் பொய்யான துணிவைத் தருகின்றன. ஒன்பது பேரைத் தாங்கிய பனி பத்தாமவரின் காலடியில் உடையக்கூடும்.

உயிர்காக்கும் நிமிடங்கள்

பனியில் புதைந்தோரின் இறப்புக்கு மூச்சுத்திணறலே முதன்மைக் காரணம். முதல் பத்து நிமிடங்களுக்குள் மீட்கப்படுவோருள் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தால் அவ்வாய்ப்பு மிகவும் குறைகிறது. மீட்புக்குழு வந்து சேருமுன் அந்நேரம் கழிந்துவிடக்கூடும். ஆதலால், உடன் வந்தவரே உயிர் காப்பவர். வானொலி அலையை அனுப்பவும் பெறவும் வல்ல சிறு கருவி, பனியைத் துழாவும் நீண்ட கோல், பனியை வாரும் மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும். அவற்றில் பயிற்சியும் வேண்டும். ஐயத்திற்குரிய சரிவை ஒருவர் பின் ஒருவராகவே கடக்க வேண்டும். ஏனையோர் பாதுகாப்பான இடத்தில் நின்று, கடப்பவரைக் கண்காணிக்க வேண்டும்.

எனினும், கருவிகள் சரிவைத் தடுப்பதில்லை. உச்சி அருகில் தெரிய, அனைவரும் முன்னேற விழையும் வேளையில், ‘திரும்பிவிடுவோம்’ என ஒருவர் கூறுவது எளிதன்று. அதனைச் சொல்லும் துணிவும், அதற்குச் செவிசாய்க்கும் பணிவும் மலைப்பயணிகள் கற்க வேண்டிய முதற்பாடமாகும்.

கற்பவை கற்றபின்...

குழு முழுவதும் விரும்பிய செயலை ஒருவர் தயங்கித் தடுத்த நிகழ்வொன்றை வகுப்பறையில் கலந்துரையாடுக.