குதிரை முரண்டு பிடித்தால் முதலில் தீவனத் தொட்டியைப் பாருங்கள்

லாயத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், எந்தக் குதிரை கடிக்கும், எது உதைக்கும், எது சேணத்தைக் கண்டாலே துள்ளும் என்று மூத்தவர்கள் சொல்லித் தருவார்கள். கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் கைகாலுக்கு நல்லது. ஆனால் 'அது பொல்லாத குதிரை' என்ற தீர்ப்பை மட்டும் உடனே ஏற்காதீர்கள். அது எப்போது என்ன தின்கிறது, எவ்வளவு நேரம் கட்டுண்டு கிடக்கிறது, எவ்வளவு நடக்கிறது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிவாருங்கள். பல குதிரைகளின் முரட்டுத்தனத்துக்குக் காரணம் அந்த நோட்டிலேயே அகப்பட்டுவிடும்.

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே இருக்கும் அக்காள்மடத்துப் பிள்ளைகளுக்குக் கடலும் படகும்தான் பழக்கம். குதிரை வேலை அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுத் துறைகளில் அரபு, பாரசீகக் குதிரைகள் மரக்கலங்களில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்தது, ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். வழியில் செத்துப்போன குதிரைக்கும் அரசுக் கருவூலம் பணம் கொடுத்ததாம்.

அவ்வளவு விலை கொடுத்து வாங்கியவை நீடித்து உழைக்கவில்லை. சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுத்தார்கள், லாடம் அடிக்க ஆளில்லை என்கிறார் மார்கோ போலோ. வறுத்த பார்லி, வெண்ணெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பால் கொடுத்து, 40 நாள் முளையில் கட்டிக் கொழுக்கவைத்து, பழக்காமலே ஏறி ஓட்டினார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். அயலார் சொன்னதில் மிகை இருக்கலாம். ஆனாலும் கொழுத்த தீனி, அசையாத கட்டு, திடீர் ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் எந்தக் குதிரையும் கெடும். இன்றும் பல லாயங்களில் இதே வரிசைதான் நடக்கிறது.

குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்குச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அமிலமோ நாள் முழுவதும் சுரந்துகொண்டே இருக்கும். திறந்தவெளியில் விட்டால் நாளில் 16 மணி நேரம்வரை மேயும் பிராணி அது. காலையில் ஒரு வாளி கொள்ளு, மாலையில் ஒரு வாளி, நடுவில் வெறும் தொட்டி என்றால் அமிலம் இரைப்பையை அரிக்கும். பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பதை வெளிநாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வார் இறுக்கும்போது கடிக்க வருவதும், தொட்டி விளிம்பைக் கவ்விக் காற்றை உறிஞ்சுவதும் அந்த வயிற்றின் முறையீடாக இருக்கலாம்.

ஆகவே புல்தான் முதல் தீவனம். 400 கிலோ குதிரைக்கு நாளுக்கு 6 முதல் 8 கிலோ உலர்புல் வேண்டும். அதையும் ஒரே வேளையில் கொட்டாமல் பலமுறை பிரித்துப் போடுங்கள். குதிரைமசால் சத்து மிகுந்தது, அதை அளவோடு சேர்க்கலாம். தானியம் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து வயிற்றுவலி, குளம்பழற்சி வரை கொண்டுபோய் விடும். சில குதிரைகள் தானியம் கூடியதும் நிலைகொள்ளாமல் துள்ளும். தீவனத்தை மாற்றுவதானால் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். ஓய்வு நாளில் தானியத்தைக் கட்டாயம் குறையுங்கள். உழைப்பு நின்றும் தீனி குறையாத குதிரைக்கு, மறுநாள் வேலையில் தொடைத் தசை கல்லாக இறுகி நடையே நின்றுபோவதுண்டு. அதைப் பிடிவாதம் என்று நினைத்துச் சாட்டையை எடுப்பது கொடுமை.

அடுத்தது வெளியே விடுவது. பாக் நீரிணைக்கு அப்பால் நெடுந்தீவில் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக் குதிரைகள் கூட்டமாகத் திரிகின்றன. நம் கோடியக்கரையிலும் அப்படி உண்டு. மேய்வது, நடப்பது, துணையோடு நிற்பது, இவைதான் அவற்றின் நாள். கோடையில் தண்ணீருக்கு அவை படும் பாடு தனித் துயரம். ஆனால் நாளெல்லாம் தனிக் கொட்டிலில் அடைபட்ட குதிரை தலையை இடமும் வலமும் ஓயாமல் ஆட்டுவதுபோல அவை ஆட்டுவதில்லை. உங்கள் லாயத்தில் புல்வெளி இல்லையா? வேலியிட்ட முற்றத்தில் தினம் சில மணி நேரமாவது கயிறில்லாமல் விடச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு குதிரை கண்ணில் படும்படி கட்டுங்கள்.

ஓட்டம் அந்த விடுதலைக்கு ஈடாகாது. கடற்கரை வெயில் ஏறும் முன்பே பயிற்சியை முடியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் 10 நிமிடம் நடத்துங்கள். இளமணலில் வேகமாக ஓட்டினால் காலின் தசைநாண் பழுதாகும். நம் பாம்பன் தீவைப்போன்ற மணல் தரையில் தீவனத்தைக் கீழே போடவே கூடாது. புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் படிந்து அடைக்கும்.

வேலை எங்கே கிடைக்கும்? சென்னைக் காவல்துறையின் குதிரைப்படை, பந்தய லாயங்கள், குதிரையேற்றப் பள்ளிகள், ராணுவத்தின் ரீமவுன்ட் கால்நடைப் பிரிவு என்று வழிகள் உண்டு. மருத்துவராக விரும்பினால் 1903-இல் தொடங்கிய வேப்பேரிக் கல்லூரி இருக்கிறது. எங்கே நேர்காணலுக்குப் போனாலும் சம்பளத்தோடு இரண்டைக் கேளுங்கள்: ஒருவருக்கு எத்தனை குதிரை, குதிரைகளை வெளியே விட இடம் உண்டா. ஒரே ஆள் தலையில் பல குதிரைகளைக் கட்டும் லாயத்தில் நான் மேலே சொன்ன எதையும் உங்களால் செய்ய முடியாது.

கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளம் என்றால் வாய் மூடும் என்று குதிரையைப் பழிப்பது நம் வழக்கம். கடிவாளத்துக்கு வாய் மூடும் குதிரைக்குப் பல்லில் நோவு இருக்கலாம், பார்க்கச் சொல்லுங்கள். சாதுவான குதிரை திடீரென்று மாறினால் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, மண்ணில் புரள்வது, சாணம் போடாமல் நிற்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தீவனத்தை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கைமருந்து எதையும் வாயில் ஊற்றாதீர்கள்.