ராணியின் பலம் எது?

பழங்கால ராணி என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? அழகிய முகம். பட்டு, நகை, கிரீடம். கதைகளிலும் சினிமாவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். ராணி சிரித்தாளாம், அரசன் மயங்கினானாம், நாடு அவள் கைக்கு வந்ததாம்.

உண்மையில் அப்படித்தான் நடந்ததா? இரண்டு ஊர்களின் வரலாற்றைப் பார்ப்போம். ஒன்று, கடல் கடந்த எகிப்து. மற்றொன்று, கேரளத்தில் உள்ள ஆற்றிங்கல்.

எகிப்து ராணி

கிளியோபாட்ரா கி.மு. 51 முதல் கி.மு. 30 வரை எகிப்தை ஆண்டார். உலகப் பேரழகி என்று அவரை இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அவர் காலத்துக் காசுகள் கிடைத்துள்ளன. அவற்றில் அவர் முகம் இருக்கிறது. வளைந்த மூக்கு, முன்தள்ளிய மோவாய். சாதாரண முகம்தான்.

புளூட்டார்க் என்ற கிரேக்க எழுத்தாளர் அவரைப் பற்றி எழுதினார். அவருடைய அழகு ஈடு இணையற்றது அல்ல என்கிறார். அவருடைய பேச்சுதான் ஆட்களைக் கவர்ந்ததாம். அவருக்குப் பல மொழிகள் தெரியும். அவருடைய முன்னோர் கிரேக்கர்கள். 200 ஆண்டுகளுக்கு மேல் எகிப்தை ஆண்டவர்கள். ஆனாலும் குடிமக்களின் மொழியை அவர்கள் கற்கவில்லை. முதலில் கற்றவர் கிளியோபாட்ராதான்.

எகிப்தில் கோதுமை நிறைய விளைந்தது. கப்பல்கள் இருந்தன. பணம் இருந்தது. ரோமாபுரித் தலைவர்களுக்கு இவை எல்லாம் தேவைப்பட்டன. ஆண்டனி என்ற தலைவருக்குக் கிளியோபாட்ரா கப்பலும் பணமும் கொடுத்தார். ஆண்டனியின் எதிரி ஆக்டேவியன். "அவள் ஆண்டனியை மயக்கிவிட்டாள்" என்று ஆக்டேவியனின் ஆட்கள் பரப்பினார்கள். போரில் ஆக்டேவியன் வென்றார். வென்றவர் சொன்ன கதையே நிலைத்தது.

அழகும் கொஞ்சம் உதவியிருக்கலாம். ஆனால் கோதுமையும் கப்பலும் இல்லாத ராணியை ரோமாபுரி திரும்பிப் பார்த்திருக்குமா?

ஆற்றிங்கல் ராணிகள்

கழக்கூட்டம் திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ளது. அங்கிருந்து இன்னும் வடக்கே போனால் ஆற்றிங்கல் வரும். இந்தப் பகுதி முன்பு வேணாட்டு அரச குடும்பத்தின் கையில் இருந்தது.

அந்தக் குடும்பத்தில் மருமக்கள் முறை இருந்தது. அரசனின் மகன் அரசனாக மாட்டான். அரசனுடைய சகோதரியின் மகனே அடுத்த அரசன். அந்தச் சகோதரிகள்தான் ஆற்றிங்கல் ராணிகள். ஆற்றிங்கல் நிலமும் மூத்த ராணியின் ஆட்சியில் இருந்தது. அங்கே மிளகு வியாபாரம் நடந்தது. மிளகை வாங்க வெளிநாட்டார் போட்டி போட்டனர்.

1677 முதல் 1684 வரை உமையம்மை ராணி வேணாட்டை ஆண்டார். அரசர் வயதில் சிறியவர். அதனால் அவருக்காக ராணி ஆட்சி செய்தார். அது எளிய காலம் அல்ல. எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற பெரிய நிலக்காரர்கள் செல்வாக்கோடு இருந்தனர். அவர்களில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. வெளியிலிருந்து படையெடுப்பும் வந்தது. மலபார்ப் பக்கத்துக் கோட்டயத்தின் அரச குடும்பத்தவரான கேரளவர்மாவை ராணி துணைக்கு அழைத்துக்கொண்டார்.

அப்போது டச்சுக்காரர்கள் மிளகு வியாபாரத்தைத் தங்கள் பிடியில் வைக்க முயன்றனர். 1684-இல் அஞ்சுதெங்கில் ஆங்கிலேயருக்கும் இடம் தரப்பட்டது. டச்சுக்காரர்களுக்கு எதிரே இன்னொரு வியாபாரி வந்தார்.

இதே காலத்தில் கொல்லத்திலும் ஒரு ராணி இருந்தார். 1660-களில் நியூஹாஃப் என்ற டச்சுக்காரர் அவரை நேரில் பார்த்தார். ராணி நடுவயதைத் தாண்டியவர். மாநிறம். கூந்தலைப் பின்னால் முடிந்திருந்தார். சுற்றிலும் 700-க்கு மேற்பட்ட வீரர்கள் நின்றனர். அவருடைய கம்பீரத்தையும், காரியங்களை அவர் திறமையாக நடத்தியதையும் நியூஹாஃப் பாராட்டி எழுதினார்.

அதிகாரம் போனது எப்படி?

1729-இல் மார்த்தாண்ட வர்மா அரசரானார். பிள்ளைமாரை ஒடுக்கினார். 1731-இல் ஆற்றிங்கல் ராணியோடு ஒப்பந்தம் செய்தார். அதை வெள்ளித் தகட்டில் எழுதினார்கள். அதன்படி ஆற்றிங்கல் நிலம் திருவிதாங்கூரோடு சேர்ந்தது. ராணியின் பிள்ளைகளுக்கு அரசுரிமை நின்றது. ராணிகள் நிலத்தை ஆளும் உரிமை போயிற்று.

அந்த ஆண்டில் ராணிகளின் அழகு குறைந்துவிடவில்லை. நிலம் கை மாறியது. அதனால் அதிகாரமும் கை மாறியது.

நமக்கு என்ன பாடம்?

இன்று ராணிகள் ஆட்சி இல்லை. மக்கள் ஆட்சி நடக்கிறது. 1993 முதல் பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு இடமாவது பெண்களுக்கு உண்டு. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பாதி இடங்கள் பெண்களுக்கே.

ஒரு பெண் தலைவியானால் சிலர் அவர் முகத்தைப் பற்றிப் பேசுவார்கள். உடுத்திய சேலையைப் பற்றிப் பேசுவார்கள். அவர் கணக்குப் புத்தகத்தைப் படிக்கிறாரா? தீர்மானத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறாரா? இதைத்தான் கேட்க வேண்டும்.

முகத்தைப் புகழ்ந்து பேசுவது எளிது. பட்டாவில் பெண்ணின் பெயரை எழுதச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள். பலம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும்.

கலந்து பேசுவோம்

1. கிளியோபாட்ரா மக்களின் மொழியைக் கற்றதால் என்ன பயன் இருந்திருக்கும்?
2. 1731-இல் ஆற்றிங்கல் ராணிகள் இழந்தது என்ன?
3. உங்கள் வீட்டு நிலமும் வீடும் யார் பெயரில் உள்ளன? பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள்.