விடை தரும் பொறியும் எழுதியவர் கூலியும்

நுழையும்முன்

வினவிய நொடியில் விடை தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. அவ்விடைகளுக்கு மூலமான கட்டுரைகளை எழுதியோர்க்கு ஊதியம் எவ்வழியில் சேரும் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

சேலம் மாவட்டம் ஓமலூர் வட்டாரத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலைகள் பல உண்டு. கொதிக்கும் கரும்புச்சாற்றில் சுண்ணாம்பு நீரை எப்பதத்தில் சேர்ப்பது, வெண்டைச் செடியின் சாற்றால் அழுக்கை எவ்வாறு நீக்குவது என்பன ஆலைக்காரர்கள் பட்டறிவால் கற்ற நுணுக்கங்கள். அவர்களுள் ஒருவர் தாம் அறிந்ததைக் கட்டுரையாக்கி இணையத்தில் வெளியிடுவதாகக் கொள்வோம். தேடுபொறி காட்டிய வழியில் வாசகர் அப்பக்கத்திற்கு வருவார். அங்குள்ள விளம்பரத்தின் வருவாயில் ஒரு பங்கு எழுதியவரைச் சேரும். இணையப் படைப்பாளர் பலரின் ஊதியம் இந்த வருகையையே நம்பியிருந்தது. யூடியூப் நிறுவனமும் முழுநீளக் காணொலிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காட்டைத் தன் திட்டத்தில் இணைந்த படைப்பாளர்க்கு வழங்குகிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது. கூகுள் நிறுவனம் 2024 ஆகஸ்டு முதல் இந்தியாவிலும் தேடல் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியது. சுருக்கத்துடன் மூலப் பக்கங்களின் இணைப்புகளும் இடம்பெறுகின்றன. எனினும் விடை கிடைத்தபின் அவற்றைச் சொடுக்குவோர் சிலரே. இழப்பு எல்லார்க்கும் ஒன்றன்று. சமையல் காணொலியை நாடுபவர் காட்சிக்காகவே வருகிறார்; சுருக்கம் அவருக்குப் போதாது. வெல்லப் பதத்தைத் தேடுபவர்க்கோ நான்கு வரி போதும். பயனுள்ள செய்தியைச் சுருங்க எழுதியவரே மிகுதியாக இழக்கிறார் என்பது விந்தைதான்.

உழைப்பின் பலன் படைத்தவரைச் சேராத நிலை புதிதன்று. திரைப்பாடல்களின் வருவாயில் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் நெடுங்காலம் உரிய பங்கு கிட்டவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தமே அவர்தம் உரிமத்தொகையை உறுதிசெய்தது. இன்று வழக்கு வேறொரு களத்திற்கு வந்துள்ளது. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின்மீது 2024 நவம்பரில் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. நடுவண் அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை 2025 டிசம்பரில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. கருவிகளைப் பயிற்றுவிக்கப் படைப்புகளைப் பயன்படுத்துவதைப் படைப்பாளர் தடுக்க இயலாது. அதற்கு ஈடாக நிறுவனங்கள் உரிமத்தொகை செலுத்தவேண்டும் என்பது அதன் பரிந்துரை.

தொகையைப் பங்கிடுவதில்தான் சிக்கல். பாடல் எத்தனை முறை ஒலித்தது என்று எண்ணலாம். பொறி தரும் விடையோ பல பக்கங்கள் கலந்து உருவாவது. பல வயல்களின் கரும்பு ஒரே கொப்பரையில் காய்ந்தபின் எவ்வுருண்டையில் எவர் கரும்பு என்று பிரித்தறிய முடியுமா? ஆனால் கரும்பை ஆலை வாயிலிலேயே எடைபோட்டு விடலாம். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2025 ஜூலையில் அறிவித்த திட்டம் இத்தகையது. தகவல் திரட்டும் நிரல் ஒரு பக்கத்தை எடுக்கும்போதே அப்பக்கத்தின் உரிமையாளர் கட்டணம் கேட்கலாம்.

பெரிய செய்தி நிறுவனங்கள் சில நேரடியாகவே ஒப்பந்தம் செய்துகொண்டுள்ளன. தனியொருவராய்த் தமிழில் எழுதும் ஆலைக்காரரிடம் விலை பேச யாரும் வருவதில்லை. கூலி கிட்டாதெனில் அவர் அடுத்த கட்டுரையை எழுதாமல் விடலாம். அப்போது அவர் நுணுக்கம் முன்போல் கொப்பரையருகே நிற்பவர்க்கு மட்டும் வாய்மொழியாகச் செல்லும். தொலைவிலிருந்து வினவுவோர்க்குப் பொறி பழைய பக்கங்களையே மீண்டும் திரட்டித் தரும்.