முதலில் நிறுத்தப் பழகுங்கள்

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்கும் ஒருவருக்கு நம் ஊரில் தவறாமல் கிடைக்கும் அறிவுரை, "முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுந்திடுவே" என்பது. அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் இதைக் கேட்டே பழகியவர், நாய் குறுக்கே பாயும்போது பின் பிரேக்கை மட்டும் பலமாக அழுத்துவார். பிரேக் பிடித்ததும் எடை முன்பக்கம் சாய்வதால் பின் சக்கரத்துக்குத் தரையில் பிடிமானம் குறைந்துவிடும். அந்தச் சக்கரம் சுழலாமல் நின்று, வண்டியைப் பக்கவாட்டில் இழுக்கும். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்கு உண்டு. அதனால் ஓட்டிப் பழகுவதற்கு முன்பே நிறுத்திப் பழக வேண்டும் என்பேன்.

முதலில் எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) வாங்குங்கள். 50 சிசிக்கு மேற்பட்ட எந்த வண்டிக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் கழிந்த பிறகே லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியும். அந்த 30 நாளும் பழகுவதற்கானவை. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்கட்டும். பின்னால் உட்காரலாம் என்றால் அது லைசென்ஸ் உள்ள, கற்றுக்கொடுக்கிறவர் மட்டுமே.

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். வார்ப்பட்டையைப் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. காலை மூடும் ஷூ போடுங்கள். துப்பட்டாவைச் சுற்றி முடிச்சுப் போடுங்கள்; சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும்.

இடமும் முக்கியம். பள்ளி மைதானத்துக்கு அழைத்துப் போவார்கள். அங்கே மணலில் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும். ஊருக்கு வெளியே மனைப்பிரிவு போட்டு, இன்னும் வீடு வராத தெருக்களின் தார்ச்சாலைதான் நல்லது.

முதல் நாள் எஞ்சினைத் தொட வேண்டாம். வண்டியின் இடப்பக்கம் நின்று, ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடங்கள், திருப்புங்கள், முன் பிரேக்கை மெல்லப் பிடித்து நிறுத்துங்கள். எந்தச் சாய்வில் எடை கைக்கு வருகிறது என்று உடம்புக்குத் தெரியட்டும். சென்டர் ஸ்டாண்ட் போடுவதில் கைப்பலம் பெரிதில்லை: ஸ்டாண்டின் இரண்டு கால்களும் தரையைத் தொட்டதும், உடம்பின் எடை முழுவதையும் வலது காலால் அதன் மேல் இறக்கினால் வண்டி தானே ஏறும். ஏறி உட்காரும்போது முன் பிரேக் பிடித்தபடியே இருக்கட்டும்.

ஸ்கூட்டரில் புதியவர்கள் விழுவதற்கு முக்கியக் காரணம் பயத்தில் கைப்பிடியை இறுக்குவது. இறுக்கும்போது வலது மணிக்கட்டு கீழே இறங்கி, ஆக்ஸிலேட்டர் தானாக முறுகும், வண்டி பாயும், மேலும் பயம், மேலும் இறுக்கம். மணிக்கட்டைச் சற்று உயர்த்தி, முழங்கையை மடக்கித் தளர்வாகப் பிடியுங்கள். பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து கத்துகிறவரால் இந்தப் பயம் கூடுகிறது. கற்றுக்கொடுக்கும் அண்ணனோ கணவரோ பத்தடி தள்ளி நின்று தாழ்ந்த குரலில் சொன்னால் போதும். இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு ஓட்டும் பழக்கத்தையும் முதலிலேயே விட்டுவிடுங்கள். வண்டி நகர்ந்ததும் கால் மேலே வர வேண்டும். பார்வை முன் சக்கரத்தில் நிற்காமல் தூரத்துக்குப் போக வேண்டும்.

இனி பிரேக். ஸ்கூட்டரில் வலது கைப் பிடி முன் பிரேக், இடது கைப் பிடி பின் பிரேக். பைக்கில் வலது கை முன் பிரேக், வலது கால் பின் பிரேக். சாலையில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீடோமீட்டர் 15 காட்டும் வேகத்தில் நேராக வந்து, ஆக்ஸிலேட்டரை விட்டு, இரண்டு பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்துக் கோட்டில் நிறுத்துங்கள். முன் பிரேக்கைச் சட்டென்று கவ்வக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஹேண்டில் நேராக இருக்கும்போது மட்டுமே இப்படிப் பலமாகப் பிடிக்கலாம். திரும்பிய ஹேண்டிலிலும் மணலிலும் முன் பிரேக்கை இறுக்கினால் விழத்தான் வேண்டும். பெரியவர்களின் எச்சரிக்கை அந்த இடங்களுக்கு மட்டும் சரி. 15-இல் கை பழகியபின் 20, 30 என்று ஏற்றுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க எடுக்கும் தூரத்தைப் போல நான்கு மடங்கு 60-க்கு வேண்டும். அதற்கும் முன்பாக, பிரேக்கைப் பிடிக்க மூளைக்கு ஆகும் ஒரு நொடியிலேயே 60-இல் போகும் வண்டி பதினாறு மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும்.

2019 ஏப்ரல் முதல் விற்ற வண்டிகளில் 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ்ஸும் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), 125 சிசி வரை குறைந்தது சிபிஎஸ்ஸும் (ஒரு பிடியிலேயே இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு) கட்டாயமாக்கப்பட்டன. ஏபிஎஸ் பல பைக்குகளில் முன் சக்கரத்துக்கு மட்டுமே. உங்கள் வண்டியில் எது இருக்கிறதென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பைக் கற்பவர்களுக்கு அடுத்தது கிளட்ச். முதல் கியரில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மயிரிழை மயிரிழையாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் தாழ்ந்து வண்டி முன்னால் இழுக்கும். அங்கேயே நிறுத்தி மறுபடி பிடியுங்கள். அந்த இடம் கைக்குத் தெரியும்வரை இதையே செய்யலாம். பிறகு வண்டி அணைந்துபோவது அரிதாகிவிடும்.

திருப்பத்தில் வேகத்தைக் குறைப்பது திருப்பத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். போக வேண்டிய இடத்தை நோக்கித் தலையைத் திருப்புங்கள். பார்க்கும் திசைக்கே வண்டி போகும். ஆர்டிஓ ஆபீசில் லைசென்ஸ் தேர்வுக்கு எட்டு வடிவில் ஓட்டிக் காட்டும் 'எட்டு போடுவதற்கும்' இதுவே வழி: பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி, கியர் வண்டியானால் ஹாஃப் கிளட்சில், அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டே போங்கள். கால் ஊன்றக் கூடாது. ஆனால் எட்டு போட்டுவிட்டால் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று பொருளில்லை. அவசரமாக நிறுத்துவதை எட்டு சோதிப்பதில்லை.

சாலைக்கு விடியற்காலையில் போங்கள். நிற்கும் பஸ்ஸின் இடப்பக்கம் நுழையாதீர்கள். இறங்குகிறவர்கள் அங்கேதான் வருவார்கள். ஷேர் ஆட்டோவின் பின்னால் ஒட்டிப் போக வேண்டாம், கை காட்டிய இடத்திலெல்லாம் நிற்கும். திரும்புமுன் கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பாருங்கள், கண்ணாடியில் விழாத வண்டி அங்கே இருக்கலாம். திரும்பியதும் இண்டிகேட்டரை அணையுங்கள். கிராமச் சாலையில் காயப்போட்ட நெல்லும் கம்பும் மணலைப் போலவே வழுக்கும்.

ஐப்பசி மழையில் முதல் கால்மணி நேரம் மோசமானது. தாரில் படிந்த எண்ணெய் நீரோடு மேலே வரும். வெள்ளைக் கோடுகள் மேலும் சாக்கடை மூடிகள் மேலும் பிரேக் பிடிக்காமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

டபுள்ஸ் கடைசியில்தான், அதுவும் லைசென்ஸ் வந்த பிறகு. பின்னால் ஆள் உட்கார்ந்தால் நிற்கும் தூரம் கூடும், திருப்பும்போது எடை தள்ளும். உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். டயரில் காற்றை வண்டியில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி இரண்டு பேருக்கான அளவுக்கு ஏற்றிக்கொண்டு, அவரையும் ஏற்றிக்கொண்டு, அந்த ஆளில்லாத தெருவில் மறுபடி 15-இலிருந்து கோட்டில் நிறுத்திப் பாருங்கள்.