டியூஷன் எடுப்பவர்களுக்கு

பேனா மாணவர் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் போட்டுக் காட்டிக்கொண்டே போனால் கணக்கு உங்களுக்குத்தான் பழகும்.

இயற்பியலில் சறுக்குவது பெரும்பாலும் அலகில்தான். மணிக்கு 72 கி.மீ. என்றால், சூத்திரத்தைத் தொடும் முன்பே நொடிக்கு 20 மீட்டர் என்று மாற்றி எழுத வையுங்கள்.

வேதியியலில் மோல் பிடிபடவில்லையா? ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று போதும். டம்ளரில் 10 மில்லி, பிறகு 8 மில்லி தண்ணீர் விடச் சொல்லுங்கள். 18 கிராம், அதாவது ஒரு மோல். அந்த ஒரு வாய்த் தண்ணீரில் 6.022 × 10²³ மூலக்கூறுகள் என்றதும் தூங்குமூஞ்சிப் பையனும் நிமிர்ந்து உட்காருவான்.

கணிதத்தில் (7−2)² என்பதை 49−4 என்று விரித்தால் உடனே திருத்தாதீர்கள். அடைப்புக்குள் முதலில் கழித்துப் பார்க்கட்டும்: 25. முன்பு வந்தது 45. எங்கே கோட்டைவிட்டோம் என்று அவர்களே தேடுவார்கள்.