பிக்கப் வண்டியில் துரு: பட்டி பூசுவதற்கு முன்னால்

பழைய பிக்கப் வண்டியில் கதவின் அடிப்பக்கம் பெயின்ட் கொப்பளித்து நின்றால், அந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்திப் பாருங்கள். பொதுக்கென்று உள்ளே இறங்கினால் துரு வெளியிலிருந்து வரவில்லை, உள்பக்கமிருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். இரும்பு துருவாக மாறும்போது பருத்து உப்பும். அதுதான் பெயின்டைத் தூக்குகிறது. வெளியே காசு அளவு ஓட்டை தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவுக்குத் தகடு செத்திருக்கும். அதன்மேல் பட்டி பூசி பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் பளபளப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் வண்டி 2009 மாடல். ஊர் வேதாரண்யம் பக்கம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், இரும்புக்கு இதைவிட மோசமான ஊர் கிடையாது. அஞ்சு குடும்பம் சேர்ந்து காய்கறி, தேங்காய், மாம்பழம் எல்லாத்தையும் இந்த ஒரே வண்டியில்தான் நாகப்பட்டினம், திருவாரூர் கொண்டுபோய் நேரடியாக விற்கிறோம். வண்டி நின்றால் மறுபடி கமிஷன் மண்டி வாசல்தான். 8 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். புது வண்டிக்குக் காசு இல்லை. அதனால் போன கோடையில் தெரிந்த டிங்கரிங் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

நம்ம மாதிரி இயற்கை விவசாயிகளின் வண்டி மற்ற வண்டியைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். காரணம் நாம் ஏற்றுகிற சரக்கு. மாட்டுக் கோமியத்தில் உப்புகள் இருக்கின்றன, நாள்பட்டால் அம்மோனியாவும் சேரும். ஜீவாமிர்தம் புளித்து வரும்போது அமிலம் உண்டாகும். ஈரச் சாணி தகட்டோடு ஒட்டிக்கொண்டு நாள் கணக்கில் காயாது. தண்ணீர், காற்று, உப்பு மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் துரு கேட்காமலே வரும். 200 லிட்டர் டிரம் ஒவ்வொரு குலுக்கலுக்கும் சிந்துவது நேராகத் தொட்டியின் மூலைக்குத்தான் போகிறது.

முதலில் முழு வண்டியையும் பார்க்கணும். கேபின் மேட்டைத் தூக்குங்கள், ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். சக்கர வளைவு, பின்கதவுக் கீல், பேட்டரி தட்டு, கேபினின் பின்பக்க அடி மூலை எல்லாவற்றையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், செத்த தகடு மண்ணைத் தட்டின மாதிரி கேட்கும். பழைய ஓனர் பட்டியில் மறைத்திருந்தால் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும், அந்த இடத்தில் ஒட்டாது. சேசிஸில், சேசிஸோடு கேபின் இணைகிற இடத்தில், சீட் பெல்ட் மாட்டுகிற இடத்தில் துரு ஆழமாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது, நல்ல பட்டறைக்குத்தான் போகணும்.

சுரண்டுகிற வேலையைக் களத்திலோ எருக்குழிப் பக்கமோ செய்யாதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். சிமெண்டுத் தரையில் பழைய தார்ப்பாய் விரித்து, முகக்கவசமும் கண்ணாடியும் போட்டு, கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்க்கலாம். தூளைக் கூட்டி அள்ளித் தனியாகக் கட்டிவைக்கணும். மண்புழுவுக்காக இத்தனை பாடுபடுகிற நாம், மிச்சத் தின்னரை வரப்பில் ஊற்றக் கூடாதுங்க.

வெட்டும்போது மனசு வராது, கை நின்றுவிடும். பெரியவர் சொன்னார்: "தம்பி, துருவுக்குப் பாவம் பார்க்காதே. வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் வெட்டு." அதுதான் மொத்த வேலையின் சூட்சுமம். ஓட்டையைச் சுற்றி பளிச்சென்று நல்ல தகடு வரும்வரை வெட்டி, அதன்பிறகு அட்டையில் அளவு எடுத்து, 20 கேஜ் சி.ஆர். ஷீட்டில் ஒட்டுத் துண்டு வெட்டினோம். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலையில் விரிசல் விடும்.

கதவுத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கலப்பைக்கு அடிக்கிற ஆர்க் வெல்டிங்கை இதில் வைத்தால் ஓட்டை இன்னும் பெரிதாகும். சி.ஓ.டூ வெல்டிங் அல்லது கேஸ் வெல்டிங்தான் சரி. அதையும் கோடு மாதிரி இழுக்காமல் இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைக்கணும். ஒரே இடத்தில் சூடு ஏறினால் தகடு அப்பளம் மாதிரி வளைந்துவிடும். அதற்கு முன்னால் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், மேட், ரெக்ஸின், வயரிங் எல்லாம் அகற்றுங்கள். டீசல் டேங்க் பக்கத்தில் வெல்டிங் கூடவே கூடாது. ஒரு ஆள் தண்ணீர் வாளியோடு நிற்கட்டும். ஜி.ஐ. தகடு கைவசம் இருக்கிறது என்று அதையே வைத்து வெல்டிங் பண்ணாதீர்கள், துத்தநாகப் புகையில் குளிர்காய்ச்சல் வரும்.

வெல்டிங் வசதி இல்லாதவர்கள் தொட்டித் தளத்துக்கு மட்டும் ரிவெட் அடிக்கலாம். ஒட்டு ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். இரண்டு தகட்டுக்கும் நடுவே பிரைமர், சீலன்ட் இரண்டும் போட்டு அடிக்கணும். இல்லாவிட்டால் அந்த இடுக்கிலேயே தண்ணீர் தங்கிப் புதுத் துரு வரும்.

கழற்ற முடிகிற கொக்கி, கீல், போல்ட் இவற்றுக்கு நம்ம பக்கமே மருந்து இருக்கிறது. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து பழைய பிளாஸ்டிக் டிரம்மில் ஊறப்போடுங்கள். ஒன்று இரண்டு வாரத்தில் துரு கரைந்துவிடும். நாற்றம் அடிக்கும், வீட்டுப் பக்கம் வைக்காதீர்கள். அலுமினியச் சாமான் மட்டும் போடக் கூடாது. எடுத்ததும் கழுவி, உடனே காயவைத்து பிரைமர் அடிக்கணும். கடையில் துருமாற்றி என்று விற்கிறதில் ஒரு வகை டானின் சேர்ந்தது. நம்ம கடுக்காயிலும் டானின்தான். இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும், அந்தக் காலத்து மை அப்படித்தான் செய்தார்கள். ஆனால் வெறும் கடுக்காய்க் கஷாயம் மேலே படலம் கட்டாது. மேல்துருவுக்குத் தடவிக் காயவைத்தாலும் பிரைமரை விடக் கூடாது.

பிரைமரில் சிங்க் குரோமேட் வேண்டாம், அது புற்றுநோய் வரவழைக்கிற சரக்கு. எபாக்ஸி அல்லது சிங்க் பாஸ்பேட் கேட்டு வாங்குங்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதனால் வெறும் இரும்பில் எபாக்ஸி, அதன்மேல்தான் பட்டி. 100 கிராமுக்கு ஹார்டனர் 2 கிராம் போதும், நம்ம வெயிலில் நிமிஷத்தில் இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். 3 மில்லிமீட்டருக்குமேல் பட்டி தேவைப்பட்டால் தகட்டைத் தட்டி நிமிர்த்துகிற வேலை பாக்கி இருக்கிறது. 80, 180, 320 என்று எமரி பேப்பரை ஏற்றிக்கொண்டே போகலாம். பட்டி வெளியே தெரிகிறவரை தண்ணீர் தொடாமல் தேய்க்கணும். பெயின்ட் அடிக்கிறதைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை, இரண்டு மெல்லிய கோட், தூசி இல்லாத காலை நேரம்.

உள்பக்கத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கதவுக்குள்ளே, இடுக்குகளில் கழிவு ஆயில் அடிக்கிற பழக்கம் இருக்கிறது. அந்த ஆயில் சொட்டுச் சொட்டாக நம்ம நிலத்தில்தான் விழும். நான் ஆளிவிதை எண்ணெயில் தேன்மெழுகு போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, பிரஷ் போகிற இடமெல்லாம் பூசினேன். துடைத்த துணியைக் கசக்கிப் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் முக்குங்கள்.

கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் இருக்கும். அவற்றை அடைத்திருக்கிற மண்ணை மாதம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள். ஜீவாமிர்தம் ஏற்றின அன்றைக்கே தொட்டியை நல்ல தண்ணீரில் கழுவி, பின்கதவைத் திறந்து, முகப்பு மேட்டில் இருக்கிற மாதிரி வண்டியை நிறுத்தினால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி ஈரத்தில் பிரைமர் காயாது.